பக்கிள் போட்ட செருப்பு

அண்ணன் காணாமல் போகும்வரை வீட்டில் நான்கு பேர்: அப்பா, வேன் டிரைவர். அம்மா, தையல் கம்பெனியில் வேலை. தங்கை, பதினாறு வயது. அண்ணன், பத்தொன்பது.

அவன் காணாமல் போனதற்கு முந்தின நாள்தான் பாலத்து வளைவில் ஒரு சைக்கிள்காரரை ஏதோ வண்டி அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போயிருந்தது. தெருவில் அதுவே பேச்சு.

மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் அண்ணனின் செருப்பு கிடைத்தது. மறுநாள் தங்கை அதை எடுத்துக்கொண்டு மாடிவீட்டு ஓய்வுபெற்ற போலீஸ்காரரிடம் ஓடினாள்.

"மாமா, குதிச்சிட்டான்னு சொல்றாங்க. அப்பா தேடுறதையே விட்டுட்டாரு. அவன் இருக்கானா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். "பக்கிள் நீ போட்டியா?"

"இல்ல. இப்படியேதான் கிடந்துச்சு."

"வா, உங்க வீட்டுக்கு."

வாசலில் நின்ற வேனின் ஒரு ஹெட்லைட் மங்கி மஞ்சளாகியிருந்தது. மற்றது புத்தம் புதுசு. தங்கை பக்கிளைக் கழற்றித் தன் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனாள். அழுது வீங்கிய முகத்தோடு வந்த அம்மா, குனிந்து அதன் பக்கிளைப் போட்டு ஸ்டாண்டில் வைத்தாள். அங்கிருந்த எல்லாச் செருப்புகளும் அப்படியே பக்கிள் போட்டு இருந்தன.

"ரிட்டையர் ஆகியும் போலீஸ் மூளை அடங்கலையா சார்?" என்றார் அப்பா.

"ரிட்டையர் ஆனது நான்தான். மூளை இல்ல." அவர் அண்ணனின் செருப்பை மேசைமேல் வைத்தார். "இதுல பக்கிளக் கழட்டாம கால் வெளிய வராது. சாகப் போறவன் கழட்டிட்டு மறுபடி மாட்டி வைப்பானா? இது காலிலிருந்து கரைக்குப் போகல. ஸ்டாண்டிலிருந்து போயிருக்கு."

தங்கை திரும்பினாள். "அம்மா, நீயா?"

"உயிரோடதான்டி இருக்கான். என்கூட வேலை பாக்குறவ வீட்டுல."

"நீ சும்மா இரு!" அப்பா எழுந்தார்.

"உட்காருங்க," என்றார் போலீஸ்காரர். "வளைவுல இன்னும் கண்ணாடித் தூள் கிடக்கு. உங்க வேன்ல ஒரு லைட்டு புதுசு."

அம்மா அழவில்லை. "சின்னப் பையன், சீக்கிரம் விட்டுருவாங்க, நான்தான் ஓட்டினேன்னு சொல்லுன்னு அவன் உயிர எடுத்தாரு. நான்தான் அனுப்பி வெச்சேன். இவரு தேடக்கூடாதுன்னு செருப்பக் கொண்டுபோய்ப் போட்டேன்."

"குடும்பத்துக்காகத்தான் சொன்னேன்," என்றார் அப்பா.

"அண்ணன் செத்துட்டான்னு நினைச்சுக்கிட்டு மூணு வேளையும் சாப்பிட்டீங்களேப்பா," என்றாள் தங்கை. "ஸ்டேஷனுக்கு நீங்களா வரீங்களா, நான் போய்ச் சொல்லவா?"

மாலை ஐந்து மணிக்கு ஸ்டேஷனில், வேனை ஓட்டியது தான்தான் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். உள்ளே போகுமுன் செருப்பைக் கழற்றிவிட்டார். பக்கிள்கள் திறந்தே கிடந்தன. தங்கை அவற்றைத் தொடவில்லை. கான்ஸ்டபிள் அவருக்குப் பின்னால் கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டினார்.