காட்டுக்குள் பெயர் கிடையாது

பாதையோரச் சேற்றில் ஒரு குழந்தையின் காலடிகள் பதிந்திருந்தன. வெறுங்கால். காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து, தார் ரோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுபோயிருந்தன. விடிய விடியக் கொட்டிய மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் இவர்களுடைய வேனைத் தவிர வேறு வண்டி வந்திருக்க வாய்ப்பில்லை. ஜிசெல் குனிந்து பார்ப்பதற்குள் வழிகாட்டி வெர்லின் தன் ரப்பர் பூட்ஸால் அவற்றைத் தேய்த்து அழித்துவிட்டாள்.

"உள்ள போனா யாருக்கும் பேரு கிடையாது," என்றாள் வெர்லின், வெட்டுக்கத்தியை உறையிலிருந்து உருவிக்கொண்டே. "பாப்பா கொய்யா. நீ புளி."

"நான் மட்டும் ஏன் புளி, டான்ட்டி?" என்றாள் ஜிசெல். மூத்த பெண்களை அங்கே அத்தை முறையில் டான்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காலையிலிருந்து உன் மூஞ்சியப் பாக்கறேனே."

மகள் ரெனிஷா கைகொட்டிச் சிரித்தாள். ஜிசெலுக்குச் சுருக்கென்றது. கூட வருவதாக இருந்த மற்றவர்கள் எல்லாரும் மழை என்று கழன்றுகொண்டபோதே தானும் வீட்டில் இருந்திருக்கலாம். அருவி பார்க்க வேண்டும் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நின்றதால் வந்தது.

டுவென் கதை கேட்காமல் டிரினிடாட்டில் யார் வளர்ந்தார்கள்? ஞானஸ்நானம் பெறாமல் செத்த பிள்ளைகள்தான் டுவென். பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும். காட்டில் ஒரு குழந்தையின் பெயர் காதில் விழுந்துவிட்டால் போதும், அதைச் சொல்லிக் கூப்பிட்டே உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். பட்டணத்து வங்கியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இதற்கெல்லாம் சிரிக்க ஜிசெல் பழகியிருந்தாள். நம்பாமல் இருக்கத்தான் பழகவில்லை.

கைவிடப்பட்ட கொக்கோத் தோட்டத்தைத் தாண்டியதும் வெளிச்சம் பச்சையாகிவிட்டது. அழுகிய காய்களின் புளித்த வாடை தொண்டைவரை இறங்கியது, மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசி முனகின, எங்கோ உச்சியில் மணிக்குருவி ஒன்று தகரத்தைத் தட்டுவதுபோல் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது, அட்டை ஏறாமல் இருக்க நின்று நின்று காலைத் தட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஏதாவது கேட்டால் வெர்லின் முகத்தைத் திருப்பாமலே பதில் சொன்னாள். அந்தக் காட்டுக்கும் அவளுக்கும் இவர்களைப் பிடிக்கவில்லை என்று ஜிசெலுக்குத் தோன்றியது.

அருவியில் ரெனிஷா மஞ்சள் பூட்ஸைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் குதித்தாள். ஜிசெல் பெலாவ் சோற்று டப்பாவின் மூடியைத் திறக்கத் திரும்பினாள். மூடி இறுகியிருந்தது. திறந்து நிமிர்ந்தபோது தண்ணீரில் யாரும் இல்லை. மணிக்குருவியின் சத்தமும் இல்லை.

"கொய்யா!" என்றுதான் முதலில் கூப்பிட்டாள். பயம் வந்தபின் கொய்யாவாவது புளியாவது?

"ரெனிஷா! ரெனிஷா!"

வெர்லின் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். அவள் கையெல்லாம் மண்வாடை. "அறிவிருக்கா உனக்கு? அறிவிருக்கா?"

அப்போது அருவிக்குப் பின்னாலிருந்து, பெரணிகளை விலக்கிக்கொண்டு, பிள்ளை வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிற்று. அவசரத்தில் பூட்ஸை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தாள். எதுவும் பேசாமல் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன. ஜிசெல் அவளை இழுத்து அணைத்து அழுதாள், திட்டினாள், மறுபடியும் அணைத்தாள்.

"பேரு அதுங்க காதுக்குப் போயிடுச்சு," என்றாள் வெர்லின். அவள் குரலில் இப்போது எரிச்சல்கூட இல்லை. "இனிமே கூப்பிடும். உன் புள்ள குரல்லயே அழும். திரும்பாத. அதுங்க தூர நின்னு கூப்பிடும், அவ்வளவுதான். கிட்ட வந்து கையப் பிடிக்காது. கையில இருக்கறது உன்னோடது. புரியுதா?"

புரிந்தது. சின்ன வயதில் ஜிசெலுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

மூங்கில் காட்டுக்குள் நுழைந்ததுமே அது தொடங்கியது.

"மம்மி! மம்மி, நில்லு!"

 அதே குரல். விக்கல் நடுவே மூச்சு வாங்குவதுகூட அதே மாதிரி. கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரி யாராவது என்றால் அந்த இடத்திலேயே திரும்பி ஓடியிருப்பாள். ஜிசெல் இந்த மண்ணில் பிறந்தவள். பல்லைக் கடித்துக்கொண்டு, கையிலிருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டு நடந்தாள்.

"மம்மி, கால்ல முள்ளு குத்திடுச்சு! என்ன விட்டுட்டுப் போகாத!"

"நட," என்றாள் வெர்லின்.

கொக்கோ மரங்கள். புளித்த வாடை. அழுகை பின்னாலேயே வந்தது, விழுந்தது, எழுந்து மறுபடி வந்தது. ஒரு கட்டத்தில் பின்தங்கியது. ஜிசெலுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

மரங்களுக்கு இடையே வேனின் வெள்ளை தெரிந்தது. தார் ரோட்டில் உச்சி வெயில் கண்ணைக் கூச வைத்தது. வெர்லின் முன்னால் ஓடிக் கதவைத் திறந்தாள்.

தூரத்தில், அவர்கள் இறங்கிவந்த மேட்டுக்கு மேலே, தொண்டை கட்டிப்போன குரல் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டது.

"மம்மி... உன் கிஸ்கடி, மம்மி. உன் கிஸ்கடிதான்."

ஜிசெல் நின்றுவிட்டாள்.

கிஸ்கடி. வாயாடிக் குருவி. விளக்கை அணைத்தபின், போர்வைக்குள், மகளின் காதோடு காதாக மட்டும் அவள் சொல்லும் செல்லப்பெயர். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் காட்டில் யாரும் அதை உச்சரிக்கவில்லை.

"ஏறு!" வெர்லின் கத்தினாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கற? ஏறு!"

ஜிசெல் கையை உருவப் பார்த்தாள். முடியவில்லை. சில்லிட்ட விரல்கள். விடவில்லை.

குனிந்து பார்த்தாள்.

பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, மேட்டுப் பக்கம் காது கொடுத்து நின்றது. அங்கிருந்து ஒரு விம்மல் வந்தது. பிள்ளையின் உதடுகள் அசைந்தன. அதே விம்மல். கொஞ்சம் பிசகியது. மறுபடி கேட்டது. மறுபடி விம்மிப் பார்த்தது.

இந்த முறை சரியாக வந்தது.