முன்பு ஏழாவது மாடியாக இருந்த தரைத்தளம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இப்போதே கொட்டிப்போகட்டும்.

நகரின் நடுவில் இருந்த அந்த அலுவலகக் கோபுரத்தின் வரவேற்பு மேசைக்காரி முதலில் கவனித்தது வாசற்படியைத்தான். தினமும் தெருவிலிருந்து படியேறி உள்ளே வருவாள். அன்று காலை இறங்கி வந்தாள்.

வேலை மும்முரத்தில் அதை மறந்தும் போனாள். பிற்பகலில், ஏசியின் முனகலுக்கும் தரை மெழுகின் வாசனைக்கும் அடியில், கம்பளத்துக்கும் கீழேயிருந்து, தகரத்தில் தூறல் விழுவதுபோல் விடாமல் ஒரு சத்தம் கேட்டது. தட்டச்சுப் பொறிகள். இப்போது யாருமே தொடாத தட்டச்சுப் பொறிகள்.

"என்னண்ணே சத்தம் அது?" என்று லிஃப்ட்காரரைக் கேட்டாள்.

"பழைய தரைத்தளம்மா. நான் சேர்ந்தப்போ நாம நிக்கிற இது ஏழாவது மாடி. கட்டடம் இறங்க இறங்க மேல ஒண்ணு கட்டிடுவாங்க. வெளியில பாக்குறவனுக்கு உயரம் குறையக் கூடாதுல்ல?"

"அப்போ கீழ இருந்தவங்க?"

"மானேஜர் கிளம்பாம இங்க எவனாச்சும் எழுந்திருப்பானா? அவரு ஒவ்வொரு தடவையும் மேல போயிடுறாரு. 'போகலாம்'னு சொல்ல மறந்துடுறாரு. பாவம், உக்காந்திருக்காங்க. எனக்கென்ன, நின்னுக்கிட்டே பாக்குற வேலை."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கணவன் கீழ்த்தளத்துக் கோப்புப் பிரிவில் குமாஸ்தா. நேற்று ஓவர்டைம் என்றவன் வீட்டுக்கு வரவேயில்லை.

இன்டர்காமை எடுத்து அவன் பிரிவுக்கு அழைத்தாள்.

"மானேஜர் மேல போயிருக்காருடி. வந்ததும் கிளம்பிடுவேன்."

"ஜன்னல்ல என்ன தெரியுது?"

"மண்ணு."

"எந்திரிச்சு வாங்க!"

"எப்படிடி? எல்லாரும் உக்காந்திருக்காங்களே. நீ போய்ப் பாப்பாவக் கூட்டிக்கோ. குழந்தைக் காப்பகத்த மூடிடுவாங்க."

படிக்கட்டுக் கதவை இழுத்துத் திறந்தாள். கீழிறங்கும் படிகள் இல்லை. ஈர மண், கூரைவரைக்கும். பையை எடுக்க மேசைக்கு ஓடிவந்து, பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அறையிலிருந்து வெளியே வந்தார் மானேஜர். கையில் காப்பிக் கோப்பை, கக்கத்தில் நாற்காலித் திண்டு.

"மேல ஒரு சின்ன மீட்டிங். இதோ வந்துடறேன். யாரும் எழுந்திருக்காதீங்க."

லிஃப்ட் மூடிக்கொண்டது.

வாசல் கண்ணாடியில், தெருவில் போகிறவர்களின் முழங்கால்கள் தெரிந்தன. பிறகு செருப்புகள். கதவு இன்னும் திறந்துதான் இருந்தது, ஒரு ஆள் குனிந்து வெளியேறும் அளவுக்கு. பாப்பா தோளில் பையோடு காப்பக வாசலில் நிற்பாள். எழு, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த மேசைக்காரனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவன் எழவில்லை.

அவளும் எழவில்லை.

வெளிச்சம் ஒரு கோடாயிற்று. போயிற்று. மண் வாடை. கண்ணாடியில் கீறல் சத்தம்.

தலைக்கு மேலே யாரோ மேசையை இழுத்துப் போட்டார்கள். இன்டர்காம் அடித்தது. இளங்குரல்.

"மேடம், நான் மேல புதுசா சேர்ந்திருக்கேன். கீழயிருந்து யாரோ குழந்தையக் கூப்பிட்டு அழற மாதிரி கேக்குது. நீங்களா?"

"இல்லம்மா." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மானேஜர் கிளம்பிட்டாரா?"

"இன்னும் இல்ல மேடம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆனால் ஒன்று, அந்த ஊரில் இரண்டு மாடிக்கு மேல் கட்ட என்றைக்குமே அனுமதி கிடையாது. என் இரண்டு பல்லும் இன்னும் விழவில்லை.