ஐந்தாவது ஓட்டு

நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்தவர்கள்: ஒரு ஆராய்ச்சிக்காரி, சுமை தூக்குகிற இரண்டு பேர், ஆள் உயர ஃப்ரீசர் ஒன்று. வெளியே இருந்தவர்கள்: ஒரு காவலாளி, ஒரு லிஃப்ட் மெக்கானிக். அதற்கும் வெளியே நல்ல மழை.

மெக்கானிக் இரண்டாம் மாடியில் மண்டியிட்டுச் சாவி போட்டுக் கதவை இழுத்துத் திறந்தான். லிஃப்ட் முழுதாக மேலே வந்து சேரவில்லை. தரைமட்டத்தில், அவன் பூட்ஸுக்கு நேராக, இரண்டு கண்கள் தெரிந்தன. பெரிய கண்கள். மிரண்டவை அல்ல... கோபமானவை.

"ஒன்றரை மணி நேரம்," என்றன கண்கள். வாய் இன்னும் தரைக்குக் கீழே இருந்தது.

"மழைங்க மேடம்."

"லிஃப்டுக்குள்ள மழை பெய்யலையே."

"உள்ள எத்தனை பேர்?"

"மூணு பேர். ஒரு ஃப்ரீசர்."

"இது ஆறு பேர் போற லிஃப்ட். அந்த ஃப்ரீசர் மட்டுமே நாலரை ஆள் வெயிட்டு இருக்கும். படிச்சவங்கதானே... கூட்டத் தெரியாதா?"

"கூட்டத் தெரியும். ஃப்ரீசர் தானா பட்டன் அழுத்தாதுன்னும் தெரியும்."

சுமை தூக்குகிறவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மெக்கானிக்குக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். குனிந்து கை நீட்டினான். அவள் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை வேர்த்து ஈரமாக இருந்தது. பயந்திருக்கிறாள்... ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அது அவனுக்குப் பிடித்திருந்தது.

ஃப்ரீசரைத் தனியாக மேலே அனுப்பிவிட்டு எல்லோரும் படியேறினார்கள். அதில் என்ன வைப்பீர்கள் என்று சும்மா கேட்டுவைத்தான்.

"தசை. பட்டாணி அளவு துண்டுங்க, நோயாளிங்க குடுத்தது. தசை கரையற வியாதி ஒண்ணு இருக்கு..."

"முதல்ல படி ஏற முடியாது," என்றான் அவன். "அப்புறம் தலை சீவ முடியாது."

அவள் படியிலேயே நின்றாள். "யாருக்கு?"

"தங்கச்சிக்கு. போன வருஷம் தொடையில வெட்டிக் குடுத்தா. அது இங்கதான் எங்கயாவது இருக்கணும்."

தசைத் துண்டு வைக்கிற குழாய்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான் என்று அவள் சொன்னாள். அன்றைக்கு முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள்.

சாயங்காலம் தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அப்போ என் தொடைக்கறி கெடாம இருக்கு. சந்தோஷம். அந்த ஃப்ரீசர்காரி எப்படி இருப்பா?"

"கண்ணு பெருசு."

"அண்ணா... உன்ன லிஃப்ட் பார்க்க அனுப்புனாங்களா, பொண்ணு பார்க்க அனுப்புனாங்களா?"

மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டிய லிஃப்டை அவன் அதற்குப்பின் வாரம் ஒரு தடவை பார்த்தான். அவளும் மூன்றாம் மாடியிலிருந்த ஆய்வகத்துக்குப் படியேறுவதை விட்டுவிட்டு லிஃப்டிலேயே போனாள்.

"மெக்கானிக் சார், இந்த வாரம் லிஃப்டுக்கு என்ன வியாதி?"

"சர்வீஸ் மேடம்."

"போன வாரமும் சர்வீஸ்."

"முத்த விடக்கூடாதில்ல."

"எது... லிஃப்டா?"

அவன் எண்ணெய் போட்ட இடத்திலேயே மறுபடி எண்ணெய் போட்டான். ஜன்னலில் மழை கோடு கோடாக இறங்கியது. அவள் இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை அவன் கருவிப்பெட்டி மேல் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் போய்விட்டாள்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு தபாலில் ஒரு கனமான உறை வந்தது.

உறையை அனுப்பியது ஒரு அறக்கட்டளை. இந்த நோய் வந்த குடும்பங்கள் சேர்ந்து தொடங்கியது. கடை வாசல் உண்டியல், பிள்ளையை இழந்தவர்கள் தரும் நன்கொடை, யாரோ உயில் எழுதிவைத்த வீடு... இப்படிச் சேர்வதை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடுவார்கள். எந்த ஆராய்ச்சிக்கு என்பதற்கு ஐந்து ஓட்டு. நாலு நிபுணர்கள், நோயாளி குடும்பத்திலிருந்து ஒருவர். இந்த வருடம் அந்த ஒருவர் இவன். லிஃப்டில் ஃப்ரீசர் ஏறுவதற்கு முன்பே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

உறைக்குள் இருந்த நாலு விண்ணப்பங்களில் கடைசி அவளுடையது. இந்த உதவி கிடைக்காவிட்டால் அவள் ஆராய்ச்சி மாதக் கடைசியோடு நின்றுவிடும், ஃப்ரீசர் வேறு யாருக்கோ போகும், அவள் வேறு ஊருக்கு. இதெல்லாம் நாலாம் பக்கத்தில் தெளிவாக அச்சாகியிருந்தது. கூடவே விதிமுறைத் தாள். விண்ணப்பித்தவர்களிடம் உறுப்பினர்கள் இதைப் பற்றிப் பேசக்கூடாது. உறவோ நெருக்கமோ இருந்தால் சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டும். ஓட்டு கிடையாது.

"என்ன நெருக்கம்?" என்றாள் தங்கச்சி. "கம்பிக்கு எண்ணெய் போட்டது நெருக்கமா? வாய மூடிக்கிட்டுக் கையத் தூக்கு." பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: "எனக்குன்னு இருக்கறது ஒரு ஓட்டுண்ணா. அதுவும் உங்கிட்டதான் இருக்கு."

அவன் தலையாட்டினான். அந்த லிஃப்டுக்கு வேறு மெக்கானிக்கை அனுப்பினான். ஆராய்ச்சிக்காரி இரண்டு தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அவள் செய்யவில்லை. அவளுக்கும் ரோஷம் உண்டு.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த அம்மா, மகனை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். விண்ணப்பத்தை விளக்க உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். "இங்க இருக்கறவங்கள்ல யாரையாவது தெரியுமா?"

மற்ற மூன்று பேரும் தெரியாது என்றார்கள். நாலாவதாக வந்தவளின் கண்கள் வரிசையாக நகர்ந்து, அவனிடம் வந்து நின்றன. எப்போதும் போல் பெரியவைதான். ஆனால் உள்ளே ஆள் இல்லாத வீடு மாதிரி...

"அவரைத் தெரியும். எங்க லிஃப்டைப் பார்க்க வருவார்." சற்று நிறுத்தினாள். "இப்ப வர்றதில்ல."

"வேலைப் பழக்கம்தானே, பரவாயில்ல," என்றார் தலைவர். "ஆரம்பிங்க."

அவள் நன்றாகத்தான் பேசினாள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. பேசி முடித்து நடைபாதை பெஞ்சில் காத்திருக்கப் போனாள். செயலாளர் கதவைப் பூட்டினார், ஓட்டெடுப்பு முடியும்வரை யாரும் உள்ளே வரக்கூடாது. நிபுணர்களில் இரண்டு பேர் கொடுக்கலாம் என்றார்கள். இரண்டு பேர், நல்ல யோசனைதான், ஆனால் இன்னும் பழுக்கவில்லை என்றார்கள்.

கடைசியாக அந்தத் தாள் அவன் முன்னால் வந்தது. கையெழுத்து போட்ட பிறகுதான் ஓட்டு. ஒரே வரி. 'இந்த விண்ணப்பதாரர் எனக்கு உறவினரோ நெருங்கியவரோ அல்லர்.'

பேனாவைத் திறந்தான். தங்கச்சியை நினைத்தான்... படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து, தூக்கிவிட யாராவது வருவார்களா என்று பார்க்காததுபோல் பார்க்கிற தங்கச்சி. அவளுக்காக எந்தப் பொய்யும் சொல்லலாம் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தான். ஆயுளில் எத்தனையோ பொய்களுக்குக் கையெழுத்து போட்டவன்தான். இந்த ஒரு வரிக்குக் கை எழவில்லை. நாளை இது தெரியவந்தால் கொடுத்ததையும் பிடுங்குவார்கள், ஆராய்ச்சிக்காரியின் பெயரும் கெடும் என்பதும் உண்மைதான். ஆனால் கையை நிறுத்தியது அது இல்லை. அவள் யாரோ என்று அவனால் எழுத முடியவில்லை. அவ்வளவுதான்.

பேனாவை மூடினான். "என்னால போட முடியாதும்மா. எனக்கு அவங்கள... தெரியும்."

தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க எழுந்தா ரெண்டுக்கு ரெண்டு. அப்புறம் நான் போடணும். நான் லேசுல கையத் தூக்கற ஆள் இல்ல."

"தெரியும்மா."

செயலாளர் கதவைத் திறந்துவிட்டார். நடைபாதையில் அவள் மட்டும் இருந்தாள். ஓட்டெடுப்பின் நடுவில் உறுப்பினர் ஒருவர் எதற்காக வெளியே வருவார் என்பது விண்ணப்பம் போட்ட எல்லோருக்கும் தெரியும். அவள் எழுந்து நின்றாள்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றது உள்ளேயிருந்து தலைவரின் குரல். "குறிப்புல எழுதணும். என்ன உறவு?"

அவன் வாசற்படியிலேயே நின்றான். திரும்பவில்லை. அவளைப் பார்த்தபடியே சொன்னான்.

"நான் அவங்கள விரும்பறேன். அவங்களுக்கே இப்பத்தான் தெரியும்."

உள்ளே யாரோ இருமினார்கள். "எப்படிம்மா எழுதறது?" என்றார் செயலாளர். "சொன்னபடி எழுதுங்க," என்றார் தலைவர்.

அவள் கண்கள் நிறைந்திருந்தன, வழியவில்லை. "போனை எடுத்துச் சொல்லியிருக்கலாமே..."

"சொல்லியிருந்தா விதிமீறல்."

"இப்ப?"

"இப்ப நான் வெளிய இருக்கேன்."

"அந்த ஓட்டு?"

"போயிடுச்சு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "தங்கச்சி என்னைக் கொன்னுடுவா."

அவள் கிட்டே வந்தாள். பிறகு அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நானும் வரேன்... திட்டுல பாதி எனக்கு."

வாசற்படியிலிருந்து அவன் இறங்கினான். செயலாளர் அவன் பின்னால் கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினார்.