நான்காவது விசில்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அக்சிலியாவும் அவள் கணவன் ஆண்ட்ரூஸும் நாமக்கல்லிலிருந்து காரில் கிளம்பினார்கள். வழியில் சத்யபிரியா ஏறிக்கொண்டாள். லாரி புக்கிங் ஆபீசில் அக்சிலியாவுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. சேந்தமங்கலம் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்து ஓடைக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

விளையாட்டு ஆண்ட்ரூஸின் யோசனை. காட்டில் தனியாளாகத் தாக்குப்பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. செல்போன்களைக் காரிலேயே வைத்துவிட வேண்டும். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு தீப்பெட்டி, ஒரு பிளாஸ்டிக் விசில், நேரம் பார்க்கக் கையில் வாட்ச்.

"ஒருத்தர் கண்ணுக்கு ஒருத்தர் தெரியக் கூடாது. அரை மணிக்கு ஒருக்கா ஒரு விசில், இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு விசில் ஊதினா தோத்தாச்சு, வண்டிக்கு வந்துரலாம். அஞ்சு மணி வரைக்கும் ஆரு தாங்கறாங்கன்னு பாப்போம்," என்றவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். "நீ ஒரு மணிக்கே வந்துருவ அக்சி."

"பாக்கலாங்க," என்றாள் அவள்.

ஆண்ட்ரூஸ் ஓடையின் மேற்பக்கம் போனான். சத்யபிரியா கீழ்ப்பக்கம். நடுவில், கரையை ஒட்டிய பெரிய பாறை அக்சிலியாவுக்கு. கணுக்கால் அளவுத் தண்ணீர் கூழாங்கற்கள் மேல் சலசலத்து ஓடியது. புங்கமர நிழல் பாறைமேல் விழுந்து ஆடியது. மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் ஈர மணலில் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சின. ஆபீசில் நாள் முழுக்கக் கேட்கும் டிரைவர்களின் சத்தத்துக்கு இது சொர்க்கம் என்று காலை நீட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு ஓடையின் மேற்பக்கமிருந்து ஒரு விசில். அவள் ஊதினாள். கீழே ஒன்று. ஒரு மணிக்கும் அப்படித்தான். ஒன்றரைக்கும்.

இரண்டு மணிக்கு, மூன்று விசில்களும் அடங்கிய பிறகு, நான்காவதாக ஒன்று கேட்டது.

ஓடையின் மேலே வெகு தூரத்திலிருந்து. மெல்லியதாக, வாய்க்குள் தண்ணீர் வைத்துக்கொண்டு ஊதுவதுபோல.

ஆடு மேய்க்கிற யாரோ என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டரைக்கு அது நெருங்கியிருந்தது. மூன்று மணிக்கு மற்ற விசில்களும் பக்கத்தில் வந்துவிட்டதுபோலத் தோன்றியது. ஒவ்வொருவரும் ஒரு தடவைதான் ஊதினார்கள். யாரும் தோற்கவில்லை. நான் மட்டும் ஏன் எழுந்து போக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் பறவைச் சத்தம் நின்றுபோனது உறைத்தது. மஞ்சள் பூச்சிகளில் ஒன்றுகூட இல்லை. தலைக்குமேல் வெயில் அடித்தது. ஆனால் மழையில் நனைந்த மண்ணின் வாசம், அதற்குள் ஏதோ அழுகிய வாடை.

மூன்றரைக்கு அவள் ஊதினாள்.

உடனே ஒன்று. இன்னொன்று. இன்னொன்று.

மூன்றும் பாறைக்குப் பின்னாலிருந்து.

திரும்பினாள். யாரும் இல்லை. பாறையைச் சுற்றித் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. இலையும் சுள்ளியுமாக அடித்துக்கொண்டு வந்தது. கண்ணெதிரே கரைக்கும் பாறைக்கும் நடுவே வெள்ளம் புகுந்தது. மலைப் பக்கத்திலிருந்து கனத்த இரைச்சல் இறங்கி வந்துகொண்டிருந்தது.

நீருக்குள் சாய்ந்து கிடந்த நொச்சிப் புதரிலிருந்து ஒரு கை நீண்டது.

"கையக் குடு."

கிசுகிசுப்பான குரல். சத்யபிரியா எப்படியோ வந்துவிட்டாள் என்று நினைத்து, இடது கையை நீட்டினாள். விரல்கள் அவள் சுடிதாரின் கையோடு சேர்த்து மணிக்கட்டை இறுக்கின. பனிக்கட்டிபோல் சில்லிட்டிருந்தன.

"அக்சி, இந்தப் பக்கம் வா."

கரைமேல் ஆண்ட்ரூஸ் நின்று கத்தினான். அவனுக்குப் பக்கத்தில், தண்ணீரையே பார்த்தபடி, சத்யபிரியா.



பிடித்த கை அவளைப் புதருக்குள் இழுத்தது. முழங்கால்கள் பாறையில் உராய, சறுக்கினாள். ஆண்ட்ரூஸ் இடுப்பளவு வெள்ளத்தில் இறங்கி அவளது வலது தோளை வளைத்துப் பிடித்தான். இரண்டு பக்கமும் இழுபட்டாள். கை கழன்றுவிடும் என்று தோன்றிய நொடியில் அந்தப் பிடி தளர்ந்தது.

கரையேறி, ஈரத் துணியோடு காரில் கிளம்பினார்கள். ஆண்ட்ரூஸ்தான் ஆரம்பித்தான்.

"மலைமேல மழை கட்டுச்சு. மூணு மணிக்கே ரெண்டு ரெண்டு விசில் ஊதிட்டு நாங்க வண்டிக்கு வந்துட்டோம். உனக்குக் கேக்கலியா?"

"இல்லீங்க."

"அப்புறம் மூணரைக்கு எதுக்கு நாலு தடவை ஊதுன? நாலும் உன்னோட பாறையில இருந்துதான் கேட்டுது. வெளையாடறேன்னு நெனச்சோம். வெள்ளச் சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தோம்."

அவள் ஒரே ஒரு தடவைதான் ஊதினாள். 

திங்கட்கிழமை அந்தச் சுடிதாரைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டாள். சுட்டெரிக்கும் வெயில். பகல் ஒரு மணிக்கெல்லாம் எல்லாத் துணியும் காய்ந்து விறைத்துவிட்டது. சுடிதாரின் இடது கை நுனி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பிழிந்தாள். செம்மண் தண்ணீர் வந்தது. மறுபடி பிழிந்தாள். மறுபடியும் வந்தது. சாயங்காலம் ஆண்ட்ரூஸ் அதை எடுத்துப்போய்க் குப்பை வண்டியில் போட்டான்.

புதன்கிழமை புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். கம்ப்யூட்டரில் சரக்கு விவரம் அடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து நாற்காலியிலிருந்து சத்யபிரியா மெதுவாக எழுந்து இரண்டடி பின்னால் போனாள்.

"அக்சிலியா. உன்னோட கை."

புதுத் துணியின் இடது கை நுனி நனைந்து, மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருந்தது. விசைப்பலகைமேல் செந்நிறத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

பிறகு இன்னொன்று.