எர்மிலோவின் ரப்பர்

மெக்சிகோவின் துலூம் வெயிலில் கொடியில் போட்ட துண்டு, காபி குடித்து முடிப்பதற்குள் மொடமொடவென்று ஆகிவிடும். பட்டறை வாசலில் தொங்கிய அந்த ரப்பர் உறை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் குகைத் தண்ணீரின் சில்லிப்பு, முகர்ந்தால் சுண்ணாம்புக் கல்லும் அழுகிய இலையும் சேர்ந்த வாடை, கீழே சிமெண்டுத் தரையில் ஓர் ஈரத் திட்டு. லிஹியா அதைத் தைத்து மாட்டியதோடு சரி. இன்னும் ஒரு தடவைகூடத் தண்ணீரில் முக்கவில்லை.

“நான் நனைக்கவே இல்லடா,” என்றாள்.

“கடல் காத்துடி. ஈரத்த இழுத்திருக்கும்,” என்றான் வில்பெர்த், வாய் நிறையப் பன்றிக்கறி டாக்கோவோடு. அவள் புருஷனுக்கு எதற்கும் ஒரு பதில் ரெடியாக இருக்கும்.

தண்ணீர் நிறைந்த குகைகளுக்குள் முக்குளிக்கும்போது அவன் முதுகில் சுமக்கும் மூச்சுக் கருவி குமிழி விடாது. விட்ட மூச்சு முதுகுப் பைகளுக்குள் போய், சுத்தமாகித் திரும்ப வாய்க்கே வரும். குகைக் கல் பட்டுப் பை கிழிந்தால் ஆள் காலி. அதற்குத்தான் உறை. லாரித் தார்ப்பாயில் தைத்துப் பார்த்தாள். விறைத்துக்கொண்டு நின்றது, பை உப்ப இடமில்லை. கெட்டி நைலான் கல்லில் எல்லாம் மாட்டியது. நியோப்ரீன் ரப்பர்தான் மெத்தென்று வழுக்கும். ஆனால் புது ரப்பர் ஆழத்தில் அமுங்கும், மேலே வந்தால் உப்பும், ஆளின் மிதப்பையே கெடுத்துவிடும். அடிபட்டு அமுங்கிப்போன பழைய ரப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. பட்டறையில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று. குகைக்குள் போய்த் திரும்பாத கூட்டாளி எர்மிலோ விட்டுப்போன பழைய முக்குளிப்பு உடுப்பு.

“செத்தவன் உடுப்ப யாராவது திரும்பத் தண்ணிக்குள்ள கொண்டு போவாங்களா? நம்ம ஆளுங்க ஒருத்தரும் செய்ய மாட்டாங்க,” என்று அதை வெட்டும் முன்பே சண்டை போட்டாள்.

“அவன் கஞ்சப்பய. மிஞ்சிப்போனா வாடகை கேப்பான்.”

“சிரிக்காத.”

“சிரிக்கலடி. குகைக்குள்ள அந்தக் குறுகலான இடுக்குக்கு அந்தப் பக்கம்தான் கிடக்கான். எலும்பையாவது அவங்கம்மா கையில குடுக்க வேணாமா?”

அவள் கத்திரியை எடுத்தாள். வெட்டினாள், தைத்தாள். கூடவே தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். எர்மிலோ கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வில்பெர்த் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

காட்டுக்குள் இருந்த செனோத்தே என்ற தண்ணீர்க் குகையில் பகல் வெளிச்சம் பச்சையாகக் கொஞ்ச தூரம் கூடவே வந்து, பிறகு நின்றுவிட்டது. வாசலிலிருந்து கட்டிய வெள்ளைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் சத்தமில்லாமல் முன்னே போக, சாதாரண சிலிண்டர்களோடு பின்னால் வந்த அவளுடைய குமிழிகள் குகைக் கூரையில் மோதி, நெடுங்காலம் ஒட்டிக்கிடந்த வண்டலைத் தூள்தூளாக உதிர்த்தன. இடுக்கில் நுழைந்து கடந்ததும் தண்ணீர் முழுக்கக் கலங்கி, டார்ச் ஒளி கண்ணுக்கு முன்னாலேயே செத்தது.

கண் தெரியாவிட்டால் கைதான் பேச வேண்டும். இடது கை கயிற்றில். வலது கை முன்னால் போகிறவர்மேல். முன்னே தள்ளினால் போகலாம். பின்னே இழுத்தால் திரும்பு, கேள்வியே கிடையாது.

அவள் கை உறைமேல் இருந்தது. அது ஏறியது, இறங்கியது. அவன் மூச்சு விட்டால் பை உப்பும், இழுத்தால் சுருங்கும். அந்த அசைவு அவளுக்கு ஆறுதலாக இருந்தது. போதும் என்று பின்னே இழுத்தாள்.

அவன் திரும்பவில்லை.

மறுபடி இழுத்தாள். துடுப்புக் கால்கள் ஒரே சீராக உள்ளேதான் உதைத்தன. வில்பெர்த் இந்தச் சைகையை ஒருநாளும் மீறியவன் இல்லை. கயிற்றை முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு, இடது கையை நீட்டி அவன் விலாவைத் தொட்டாள். பை சுருங்கும்போது விலா விரிய வேண்டும்.

விரியவில்லை.

பை ஏறியது. விலா அசையவில்லை. பை இறங்கியது. விலா அசையவில்லை.

அவன் முகத்தைத் தடவினாள். வாய்க்குழாய் தனியே மிதந்தது. வாய் திறந்திருந்தது. உள்ளே தண்ணீர்.

கால்கள் உதைத்துக்கொண்டே இருந்தன.

உறையை வெட்டி எடுத்துவிடலாம். அவனை இழுத்துக்கொண்டு போய்விடலாம். கத்தியை உருவி, தான் போட்ட தையலைத் தேடினாள். இல்லை. ஓரமும் இல்லை. ரப்பர் அவன் தோளிலிருந்து கழுத்து வரை ஒரே தோலாக ஓடியது. வெதுவெதுப்பாக இருந்தது.

கத்தி நழுவியது.

விட்டுவிட்டுப் போ. கயிறு இருக்கிறது. மனசு சொன்னது. வலது கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. முழங்கை மடிப்பிலிருந்த கயிறு விறைத்தது. வழுக்கியது. போயிற்று.

உறைக்குள்ளிருந்து ஐந்து விரல்கள் எழும்பி, அவள் விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டன.

பிறகு அந்தக் கை, அவளை முன்னே ஒரு தள்ளு தள்ளியது.