மூன்றாம் வரிசையில் பிடித்த இடம்

தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் கணினித் திரையில் தெரிந்த மூன்றாம் வரிசையில் ஒரு சின்னத் தலை மட்டும் அசையவில்லை.

இணையத்தில் ‘புதுப்படம் இலவசம்’ என்று கூவும் திருட்டு விளம்பரங்களைத் தேடிப் பிடித்து நீக்குவதுதான் அவள் வேலை. வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மத்தியான வெயில் ஓரங்களில் கசிய, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த விளம்பரங்களில் ஓடும், யாரோ தியேட்டரில் கள்ளத்தனமாக எடுத்த படத்தை, அதில் பதிவான இருமலோடும் காகிதப் பைச் சரசரப்போடும் எழுந்து போகிறவர்களின் நிழலோடும் ஐந்து நிமிடம் பார்த்து உறுதி செய்துகொண்டு நீக்குவாள். கொசு அடிக்கிற மாதிரிதான். ஒன்றை அடித்தால் ஒன்பது வரும்.

அந்தத் தலையில் இரட்டைப் பின்னல். இடது பின்னல் சற்று மேலே ஏறியிருந்தது. காலை அவசரத்தில் மகளுக்கு அவள் எப்போதும் அப்படித்தான் பின்னிவிடுவாள். சின்னக் கை ஒன்று பக்கத்து இருக்கையின் மேல் இருந்தது.

படம் வெளியாகி ஒரு வாரம். மகள் போய் ஒரு வருடம்.

அன்றும் அவளுக்கு வேலை முடியவில்லை. “நீ பெரியம்மாகூட முன்னாடி போ கண்ணு. எனக்கு இடம் பிடிச்சு வை. நான் வர்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது, என்ன?” என்று அனுப்பிவைத்தாள். பெரியம்மா தண்ணீர் வாங்க வெளியே வந்த நேரத்தில் தியேட்டரில் தீப்பிடித்தது. எல்லோரும் ஓடினார்கள். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை, எழுந்திருக்கவில்லை. பெற்ற வயிறு இன்னும் பற்றி எரிகிறது.

மேலாளர் போனில் கூப்பிட்டார்.

“அக்கா, அந்த ஒரு விளம்பரம் மட்டும் மூணு நாளா அப்படியே நிக்குது. எடுத்துடுங்களேன்.”

“எடுத்துடறேன் தம்பி.”

எடுக்க எப்படி மனம் வரும்? எடுத்தால் பிள்ளை மறுபடியும் போய்விடுவாள். எடுக்காவிட்டால் அங்கேயே காத்துக்கொண்டிருப்பாள். விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி, அன்று சொல்லாததை இன்று திரையிடம் சொன்னாள்.

“எழுந்து ஓடிடு கண்ணு. அம்மா வரமாட்டேன்.”

சிரிப்பு நின்றது.

பின்னல்கள் அசைந்தன. தலை மெல்லத் திரும்பியது. முகம் இருந்த இடத்தில் இருட்டு.

“வருவேன்னு சொன்னியேம்மா. இடம் வச்சிருக்கேன்.”

திரை ஓரத்தில் புகை.

ஹெட்போனைக் கழற்றினாள். இருமல் நிற்கவில்லை. அறைக்குள் கேட்டது. துணி கருகும் நாற்றம். திரை தானாக அணைந்தது.

நாற்காலியின் கைப்பிடியில் இருந்த அவள் கைமேல் ஒரு சின்னக் கை வந்து படிந்தது.

சுட்டது.

அவள் எழுந்திருக்கவில்லை.