கிடாருக்குள் ஒரு முடிச்சு

திருச்சுழி பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு தாவீதுராஜ் அருப்புக்கோட்டையில் வெள்ளத்துரையின் சைக்கிள் கடைக்குள் நுழைந்தான். தோளில் கிடார் பெட்டி. முகத்தில் ஈயாடவில்லை.

வெள்ளத்துரைக்கு இப்படி யாராவது வந்து நின்றால் போதும், கால் தரையில் பாவாது. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபை அப்படியே போட்டுவிட்டு, அவனை அக்காள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். அக்காள் புருஷன் அருஞ்சுனை, நெசவாளர் சங்கத்தில் துணியின் தரம் பார்க்கும் அதிகாரி. அருப்புக்கோட்டையில் களவு, வம்பு எதுவானாலும் போலீசுக்குப் போகுமுன் பலர் தேடி வருவது அவரைத்தான். லேசில் பதறாத மனிதர். அன்றைக்கும் நிதானமாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, என்னையப் பித்தலாட்டக்காரன்னு சொல்லிட்டாக" என்று தாவீதுராஜ் உடைந்துபோய்ச் சொன்னான்.

விஷயம் இதுதான். அது அமெரிக்காவில் செய்த எலக்ட்ரிக் கிடார். இருபது வருஷத்துக்கு முன்னால் அவனுடைய அண்ணன் கொழும்பில் வாங்கியது. அண்ணன் இறந்துவிட்டார். கல்யாணச் செலவுக்காகத் தாவீதுராஜ் அதை விற்க நினைத்தான். நூல் வியாபாரி ராஜகுரு, மதுரையில் படிக்கும் மகனுக்காக வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, கம்பெனியிலிருந்து வந்தபடியே எல்லாம் இருக்க வேண்டும். பழைய கிடாருக்கு மதிப்பே அதில்தான். சோதிப்பதற்காக அவர் அதைப் பால்பாண்டியின் மைக் செட் கடையில் கொடுத்தார். கிடார் ஒரு ராத்திரி அங்கே இருந்தது. மறுநாள் ராஜகுரு கண்ணெதிரில் பால்பாண்டி அதைத் திறந்து, உள்ளே இருக்கும் இரண்டு காயில்களில் ஒன்று உள்ளூரில் சுற்றியது என்று காட்டிவிட்டார்.

"எங்க சபையில கல்யாண அறிவிப்பு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை, அதுக்கப்புறம்தான் கல்யாணம். பொண்ணு ஜெயசெல்வியோட அப்பா வேதமுத்து சாரு, இந்தக் கெட்ட பேரு தீராம ஓலை வாசிக்கக் கூடாதுன்னு சபையில அத்தனை பேரு முன்னாடி பாதிரியார்ட்டயே சொல்லிட்டாக."

"ஜெயசெல்வி என்ன சொல்லுது?" என்று அருஞ்சுனை கேட்டார்.

"அது என்னைய நம்புது. அதான் இன்னும் வலிக்குது."

"ராஜகுரு அண்ணாச்சி வேலைதான் மச்சான்" என்றான் வெள்ளத்துரை. "வெலையக் குறைக்க நாடகம் போடுறாக."

"வாயை மூடிட்டு அந்தத் திருப்புளிய எடு மாப்ள."

கிடாரின் மூடி கழன்றது. கம்பிகளின் அடியில், சத்தத்தைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் இரண்டு காயில்கள். இரண்டிலும் தாமிரக் கம்பிச் சுற்றின் மேல் காப்பாகக் கறுப்பு நூல் சுற்றியிருந்தது. அருஞ்சுனை ஈரவிரலால் ஒன்றைத் தொட்டார். துளி முத்தாக நின்றது.

"மெழுகு நூல். கம்பெனிச் சரக்கு."

அடுத்ததைத் தொட்டார். துளி உள்ளே போய்விட்டது. விரலில் கறுப்பு ஒட்டியது. இரண்டு விரல்களையும் சேர்த்துப் பிரித்தார், பிசுபிசுத்தது.

"கஞ்சி போட்ட பாவு நூல். நம்மூரு தறியில ஓடுறது. ஏலே, இந்த எடத்தத் தடவிப் பாரு."

வெள்ளத்துரை தடவினான். கடுகை விடச் சிறிதாக ஒரு முண்டு. அது என்னவென்று அவனுக்குப் புரியவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் எல்லாரையும் பால்பாண்டி கடைக்கு வரச் சொல்லு."

"நல்லது மச்சான். பால்பாண்டி வாசிக்கிற கிடாரையும் கேட்டுட்டு வரலாம். முந்தாநாள் கோயில் கச்சேரியில கணீர்னு இருந்துச்சு. முன்னெல்லாம் தகரத்தத் தட்டுற மாதிரில்ல இருக்கும்."

கடலை உரித்துக்கொண்டிருந்த அருஞ்சுனையின் கை நின்றது. பிறகு அவர் மீதியையும் உரித்து முடித்தார்.

மறுநாள் மைக் செட் கடையில் ராஜகுரு, தாவீதுராஜ், பள்ளி வாத்தியாரான வேதமுத்து, கடைக்காரர் பால்பாண்டி நால்வரும் இருந்தார்கள். அருஞ்சுனை பையிலிருந்து கறுப்பு நூலை எடுத்துத் துண்டு துண்டாக அறுத்தார்.

"ஆளுக்கு ரெண்டு துண்டு. சேத்துக் குடுங்க. கிடாரு பெட்டியில அடையாளச் சீட்டு ஒண்ணு கட்டணும்."

ராஜகுரு முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டார். நூல் வியாபாரிதான், ஆனால் எடை போட்டு விற்றதோடு சரி, தறியில் உட்கார்ந்தவரில்லை. வேதமுத்து சுருக்குப் போட்டார். தாவீதுராஜ் போட்ட முடிச்சு இழுத்ததும் அவிழ்ந்துவிட்டது. பால்பாண்டி ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பேசிக்கொண்டே, கண்ணால் பார்க்காமல், கண் மூடித் திறப்பதற்குள் இணைத்து, நுனியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு நீட்டினார்.

அருஞ்சுனை அதை வெள்ளத்துரையிடம் கொடுத்தார். "தடவிப் பாரு."

அதே முண்டு! வெள்ளத்துரை இன்னொரு தடவை தடவிப் பார்த்தான்.

"இது தறிக்காரக முடிச்சு" என்றார் அருஞ்சுனை. "தறியில நூல் நுழையுற விழுதுக் கண்ணியில சிக்காம ஓடணும்னு போடுறது. போலிக் காயில்ல நூல் சுத்தும்போது பாதியில அறுந்திருக்கு. வேற ஊரு ஆளா இருந்தா அதத் தூர எறிஞ்சிட்டுப் புது நூலு சுத்தியிருப்பான். தறியில வளந்த கை அறுந்த நூலப் பாத்துட்டு சும்மா இருக்காது. பால்பாண்டி, நீங்க தறி வீட்டுப் பிள்ளைதான?"

பால்பாண்டி சிரிக்கப் பார்த்தார். "இந்த ஊருல முடிச்சுத் தெரிஞ்சவுக ஆயிரம் பேரு."

"வாஸ்தவம். ஆனா இந்தக் கிடாரு ராத்திரி தங்குனது ஒங்க கடையில மட்டுந்தான். அன்னைக்கு நல்ல காயில எடுத்துட்டுப் போலிய வச்சிருக்கீக. பின்னால யாராவது கண்டுபிடிச்சா பழி ஒங்க மேல வரும். அதனால நீங்களே முந்திக்கிட்டு இந்தப் பய தலையில கட்டிட்டீக. மாப்ள, சுவத்துல தொங்குற அவுக கிடார எறக்கு."

வெள்ளத்துரை பாய்ந்து இறக்கினான். திருப்புளியால் திருகாணிகளைக் கழற்றினான். மூடி கழன்றதும் அருஞ்சுனை ஈரவிரலை வைத்தார். மூன்றாந்தரக் கிடாருக்குள், மெழுகு நூலின் மேல், துளி முத்தாக நின்றது.

பால்பாண்டி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தடவ வாசிச்சுப் பாத்தேன்யா" என்றார். "அந்தச் சத்தத்தக் கேட்டப்புறம் என் கிடாரத் தொட முடியல."

தாவீதுராஜ் அழுதுவிட்டான். ராஜகுரு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நெனச்சுட்டேன் தம்பி. கிடார நானே எடுத்துக்கிடுறேன்" என்றார். வேதமுத்து மட்டும் எதுவும் பேசாமல் வெளியேறினார். வெள்ளத்துரைக்கு அது உறுத்தலாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் மச்சானையும் கூட்டிக்கொண்டு திருச்சுழிக்கு பஸ் ஏறினான். பாதிரியார் மூன்றாவது ஓலையை எடுத்து, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றார். முன் பெஞ்சிலிருந்து வேதமுத்து எழுந்து நின்றார். ஜெயசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளத்துரை அருஞ்சுனையின் தோளை இறுக்கிப் பிடித்தான்.

"ஆட்சேபம் சொன்னது நான்தான்யா" என்றார் வேதமுத்து. "அத்தனை பேரு முன்னாடி சொன்னேன், அத்தனை பேரு முன்னாடியே வாபஸ் வாங்குறேன். எங்க மாப்பிள்ளை பேரை நல்லாச் சத்தமா வாசிங்க."